டெப்த்தைக் கூட்டாமல் வாங்கிய பாடம்

எக்கோ (இதய அல்ட்ராசவுண்ட்) பயிற்சியில் மூன்றாவது மாதம். நள்ளிரவில் ஐசியுவிலிருந்து அழைப்பு: மூச்சுத்திணறல், பிரஷர் 90. பாராஸ்டெர்னல் லாங் ஆக்சிஸில் (மார்பெலும்பின் ஓரத்திலிருந்து இதயத்தை நீளவாக்கில் பார்க்கும் கோணம்) இதயத்துக்குப் பின்னால் கறுப்பாக ஒரு பட்டை. அளந்தால் 20 மி.மீ.க்கு மேல். பெரிய பெரிகார்டியல் எஃப்யூஷன் (இதய உறைக்குள் நீர்) என்று முடிவு கட்டி, நீரை எடுக்கும் ஊசி செட்டை எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு சீனியரை எழுப்பினேன்.

அவர் திட்டக்கூட இல்லை. டெப்த்தை, அதாவது திரையில் தெரியும் ஆழத்தை, மட்டும் கூட்டினார். நான் 11 செ.மீ.யில் நிறுத்தியிருந்ததால் திரை பாதியிலேயே முடிந்திருந்தது. இப்போது கீழே வட்டமாக இறங்கு பெருந்தமனி தெரிந்தது. கறுப்புப் பட்டை அதற்கும் பின்னால் போய்க்கொண்டிருந்தது. பெரிகார்டிய நீர் என்றால் பெருந்தமனிக்கு முன்பக்கமாகத்தான் நுழையும். இது நுரையீரலைச் சுற்றிய நீர், ப்ளூரல் எஃப்யூஷன். நான் சொன்ன இடத்தில் ஊசி போயிருந்தால்? இப்போதும் வயிறு கலங்குகிறது.

(இதயத்துக்கு முன்னால் மட்டும் இடைவெளி தெரிந்தாலும் அவசரப்படாதீர்கள். முழுக் கறுப்பாக இல்லாமல் பொரிபொரியாக, இதயத்தோடு சேர்ந்து அசைந்தால் அது பெரும்பாலும் கொழுப்பு.)

இரண்டு வாரம் கழித்து நிஜமான கேஸ் வந்தது. இந்த முறை பெருந்தமனியைத்தான் முதலில் தேடினேன். நீர் அதற்கு முன்னால், இதயத்தைச் சுற்றிலும். சரி, நீர் இதயத்தை நெருக்கி நிரம்பவிடாமல் செய்யும் டாம்பொனேடா? வலது வென்ட்ரிக்கிளின் (கீழறை) சுவர் உள்ளே குழிகிறது. ஆனால் சிஸ்டோலிலா (இதயம் சுருங்கும்போதா), டயஸ்டோலிலா (விரிந்து நிரம்பும்போதா)? சிஸ்டோலில் உள்ளே வருவது அதன் வேலை, டயஸ்டோலில் குழிந்தால்தான் ஆபத்து. பார்த்துச் சொல்ல, துடிப்பின் கட்டத்தைக் காட்டும் ஈசிஜி கோடு திரையில் வேண்டும். அவசரத்தில் ஒயரை மாட்டவே இல்லை. மாட்டப் போனால் ஒரு லீட் கழன்று கிடந்தது.

அப்புறம்தான் எம்-மோடு (ஒரே கோட்டில் உள்ள அசைவுகளை நேரத்தோடு வரைந்து காட்டும் முறை) நினைவுக்கு வந்தது. வென்ட்ரிக்கிள் சுவர், டயஸ்டோலில் திறக்கும் மிட்ரல் வால்வு இரண்டும் ஒரே கோட்டில் விழும்படி வைத்தேன். வால்வு திறந்திருக்கும் நேரத்திலேயே சுவர் குழிந்தது. டயஸ்டோல்! ஐவிசி (இதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரை) 24 மி.மீ.க்கு வீங்கியிருந்தது, மூச்சு இழுத்தும் சுருங்கவில்லை. மிட்ரல் வால்வு வழியே ரத்தம் பாயும் வேகத்தைக் காட்டும் இ அலை மூச்சு இழுக்கும்போது 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. (வென்டிலேட்டரில் இருப்பவரிடம் இந்தக் கணக்கை நம்பாதீர்கள். நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் கூடியவர்களுக்கு டாம்பொனேடிலும் வலது வென்ட்ரிக்கிள் குழியாமல் ஏமாற்றும்.)

நீரை எடுத்ததும் பிரஷர் ஏறியது. சீனியர் கிளிப்பை இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தார். பாராட்டப் போகிறார் என்று நின்றேன்.

"ஈசிஜி எங்க?"