பின் இடது சக்கரம்

“தம்பி, இது போதுமா?” என்று கேட்டார். “போதும் அண்ணே” என்றேன். சிங்கப்பூரில் துவாஸ் பட்டறையில் அந்த இரண்டு வரிகளைப் பேசி ஓராண்டு ஆகப்போகிறது. வேறொரு வண்டிக்கு டயர் பார்க்கும்போதும் அவைதாம் முதலில் நினைவுக்கு வருகின்றன.

தன் வண்டியில் நெடும்பயணம் புறப்படவிருந்த அவர் கேட்டது 365/80 ஆர் 20 அளவுள்ள டயரைப் பற்றி. பக்கவாட்டில் 152 கே என்று இருந்தது. அதாவது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகம்வரை ஒரு டயர் 3,550 கிலோ தாங்கும். அவர் கொண்டுவந்த எடைச் சீட்டில் பின் ஆக்ஸில், அதாவது பின் சக்கரங்களின் அச்சு, தாங்கிய எடை 6,500 கிலோ. பின்னால் பக்கத்துக்கு ஒற்றைச் சக்கரம்தான் என்பதால் ஒன்றுக்கு 3,250 போக 300 கிலோ மிச்சம் என்று கணக்கிட்டேன். அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் எடை போட்ட அன்று தண்ணீர்த் தொட்டி நிரம்பியிருந்ததா என்று நான் கேட்கவில்லை. தொட்டி 300 லிட்டர் கொள்ளும். நிரப்பினால் அதுவே 300 கிலோ. மாற்றுச் சக்கரத்தையும் பிறகுதான் வண்டியின் பின்புறம் தொங்கவிட்டார்கள். ஆக்ஸிலுக்கு அப்பால் தொங்கும் பாரம் முன்பக்கத்தைத் தூக்கி, தன் எடையைவிடக் கூடுதலாகப் பின்னால் அழுத்தும். தொட்டி இடப்புறம் இருந்ததால் பின்பக்கப் பாரம் இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிந்திருக்கவும் முடியாது.

கஸகஸ்தானின் மங்கிஸ்தாவ் பாலைவனத்தைக் கடந்து தார்ச் சாலையில் ஏறிய பிறகு வெடித்தது பின் இடது டயர்தான். யாருக்கும் காயமில்லை.

என் பக்கத்திலும் நியாயம் உண்டு. மணலில் புதையாமலிருக்க டயரின் காற்றை இறக்கியதாகவும், காற்றடிக்கும் கம்ப்ரஸர் மெதுவாக வேலை செய்ததால் அடுத்த ஊரில் ஏற்றிக்கொள்ளலாம் என்று ஓட்டியதாகவும் அவரே தொலைபேசியில் சொன்னார். காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் மடங்கி விரிந்து சூடேறும். அந்தச் சூடு வேகத்தோடு கூடும். காற்றை இறக்கினால் வேகத்தையும் இறக்க வேண்டும் என்று நான் அவரிடம் சொல்லித்தான் அனுப்பினேன். 164 குறியீடுள்ள, 5,000 கிலோ தாங்கும் 14.00 ஆர் 20 டயரையும் காட்டினேன். அது ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் உயரம் கூடியது. சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டை வெட்ட வேண்டும், ரிம்மையும் மாற்ற வேண்டும், இன்ஜினுக்கும் இழுவை கூடும். பயணத்தின் பெரும்பகுதி தார்ச் சாலைதான் என்று அவர் மறுத்ததில் தவறில்லை. இன்றும் அந்த வண்டிக்கு அந்த டயரைப் பரிந்துரைக்கத் தயங்குவேன்.

இருந்தாலும், பாரம் சரியாக இருந்திருந்தால் அந்தக் காற்றுக்குறைவை டயர் அடுத்த ஊர்வரை தாங்கியிருக்குமோ என்ற எண்ணம் விடுவதில்லை. தொட்டியைப் பற்றிய கேள்வி அன்று எனக்குத் தோன்றாமலும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை, சீட்டு கையில் இருந்தது, அவரும் புறப்படும் அவசரத்தில் இருந்தார். மறுபடி எடை போட்டு வரச் சொல்ல வாய் வரவில்லை. மரியாதை என்று அன்று நினைத்தேன். அது சோம்பலாகவும் இருந்திருக்கலாம்.

சென்ற வாரம் அவரிடமிருந்து செய்தி வந்தது: “அதே டயர் நாலு எடுத்து வைங்க தம்பி. நீங்க சொன்னா சரியா இருக்கும்.” தொட்டிகளை நிரப்பி, ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாக எடை போட்ட சீட்டு வேண்டும் என்று பதில் அனுப்பினேன். சீட்டு இன்னும் வரவில்லை. நானும் ஆர்டர் போடவில்லை.