ஏசி வகுப்பறையின் காற்று

குளிரூட்டப்பட்ட வகுப்பறை என்று விளம்பரம் செய்து அதற்கெனத் தனிக் கட்டணமும் பெறும் மழலையர் பள்ளிகள் நம் ஊர்களில் பெருகிவருகின்றன. ஆனால் சுவரில் மாட்டும் ஸ்பிளிட் ஏசி பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை என்பதையும், அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விக்கிறது என்பதையும் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. முப்பது குழந்தைகள் அமர்ந்திருக்கும் அறையில் சன்னல்களைச் சாத்திவிட்டால், வெளியே பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்காக இருக்கும் கரியமில வாயு ஒரு பாடவேளைக்குள் ஆயிரத்தைத் தாண்டிவிடும்.

அந்த ஆயிரம் என்ற வரம்பு, மியூனிக் நகரின் சுகாதார அறிவியலாளர் மாக்ஸ் வான் பெட்டன்கோஃபர் 1858இல் வாழும் அறைகளுக்கு வகுத்தது. அந்த அளவில் அவ்வாயு நஞ்சு என்பதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. ஒருவர் விட்ட மூச்சை அடுத்தவர் எவ்வளவு உள்ளிழுக்கிறார் என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. ஒரு குழந்தையின் சளி வகுப்பு முழுவதும் சுற்றிவருவதில் இதற்கும் பங்குண்டு. இங்கிலாந்து அரசு 2021இல் பள்ளிகளுக்குக் கரியமில வாயுவை அளக்கும் சுமார் 3 லட்சம் மானிகளை வழங்குவதாக அறிவித்தது.

சன்னலைத் திறந்தால் கொசுவும் சாலைப் புகையும் வரும் என்ற பள்ளிகளின் மறுப்பு நியாயமானதே (மின்கட்டணக் கவலையை யாரும் வெளியே சொல்வதில்லை). எனினும் சாலையை ஒட்டாத பக்கத்துச் சன்னலுக்குக் கொசுவலை அடித்துச் சிறிது திறந்துவைப்பதும், எதிர்ச்சுவரில் ஓர் எக்ஸாஸ்ட் விசிறி பொருத்துவதும் பெருஞ்செலவு அல்ல.