கையேட்டின் சொற்களை எளிதாக்குவதற்குள் பட்ட பாடு

கட்டற்ற மென்பொருள் ஒன்றின் ஆங்கிலப் பயனர் கையேட்டில், கடினமான சொற்களை நீக்கி எளிய சொற்களை இட்டு நான் அனுப்பிய திருத்தங்கள் ஒருவழியாக மெர்ஜ் ஆகிவிட்டன, அதாவது மூலக் கையேட்டில் சேர்ந்துவிட்டன. நிம்மதிதான், ஆனாலும் இடையில் நடந்தவற்றால் ஏற்பட்ட மனக்கசப்பு இன்னும் தீரவில்லை. இதே வேலையில் இறங்க நினைப்பவர்கள் நான் முட்டிக்கொண்ட இடங்களில் முட்டிக்கொள்ள வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன். திட்டத்தின் பெயரைக் குறிப்பிடப் போவதில்லை. ஃபோர்க் எடுப்பதிலும் (திட்டத்தின் நகலை என் கணக்கில் எடுப்பது), ஸ்ஃபிங்ஸ் என்னும் ஆவணக் கருவியைக் கொண்டு ஆவணத்தை பில்டு செய்வதிலும் (படிக்கும் வடிவத்துக்கு மாற்றுவது) எந்தச் சிக்கலும் வரவில்லை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

நிறுவல் பகுதியில் 'யூஸ்' போதுமான இடங்களில் 'யூட்டிலைஸ்' என்றும், 'பிஃபோர்' போதுமான இடங்களில் 'பிரையர் டு' என்றும் எழுதியிருந்தார்கள். அவற்றைவிட என்னை உறுத்தியவை 'சிம்ப்ளி', 'ஜஸ்ட்' ஆகிய இரண்டும். இந்தக் கட்டளையைக் கொடுத்தாலே போதும் என்னும் தொனியில் கையேடு பேசும்போது அந்தக் கட்டளை இயங்காமல் போனால், பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்துவிட்டு கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலை முதன்முறையாகத் திறக்கும் மாணவர், குறை தன்னிடம்தான் இருக்கிறது என்று முடிவுகட்டிக் கணினியை மூடிவிடுகிறார். பயிற்சி வகுப்புகளில் இதை நேரில் பார்த்திருப்பதால்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன்.

முதல் புல் ரிக்வெஸ்டை (திருத்தத்தை ஏற்கக் கேட்கும் கோரிக்கையை) ஆவணப் பொறுப்பாளர் அன்றைக்கே மூடிவிட்டார். பொருள் மாறவில்லை, இது தனிப்பட்ட விருப்பம் சார்ந்த திருத்தம், இதைப் பார்ப்பதற்கு ஆளில்லை என்பவை அவர் சொன்ன காரணங்கள். நிரலில் ஒரு மாறியின் பெயரைத் தெளிவாக்கி அனுப்பினால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளும் அதே திட்டம், ஆயிரக்கணக்கானோர் படிக்கும் ஒரு வாக்கியத்தைத் தெளிவாக்கினால் அதை விருப்பம் என்று ஒதுக்குவது எனக்கு நியாயமாகப் படவில்லை, இன்றும் படவில்லை.

திருத்தத்தை மீண்டும் அனுப்பாமல், எழுத்து நடைக்கான விதியை முதலில் கேட்டு ஓர் இஷ்யூ (பிழைகளையும் கேள்விகளையும் எழுப்பும் பொதுப் பதிவு) திறந்ததுதான் வழியைத் திறந்துவிட்டது. அதில் இரண்டு முன்னுதாரணங்களை வைத்தேன். வேலையின் கடினத்தைக் குறைத்துக் காட்டும் சொற்களைத் தவிர்க்குமாறு ஜாங்கோ என்னும் வலைச்செயலிக் கட்டமைப்பின் ஆவண விதிகளே சொல்கின்றன. 2019-இல் அத்திட்டம் தன் ஆவணங்களில் அத்தகைய சொற்கள் வந்த இடங்களை மாற்றியும் எழுதியது. விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்காக 1986-இல் முதலில் வெளிவந்து, இன்று ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று வழங்கும் எளிய ஆங்கில விதித்தொகுப்பு, செய்முறை வாக்கியம் 20 சொற்களையும் விளக்க வாக்கியம் 25 சொற்களையும் தாண்டக் கூடாது என்கிறது. இவற்றைவிட வலுவாக நின்றது திட்டத்தின் சொந்த இஷ்யூ பட்டியல்தான். 'ஒன்ஸ்' என்று தொடங்கிய ஒரு வாக்கியத்தை 'பிறகு' என்று கொள்ளாமல் 'ஒருமுறை' என்று கொண்டு, ஒவ்வொரு முறையும் செய்ய வேண்டியதை ஒரே ஒருமுறை செய்துவிட்டுத் தவித்தவர்களின் கேள்விகள் அங்கே வெவ்வேறு ஆட்களின் பெயரில் கிடந்தன. அவற்றை இணைத்த பிறகு விருப்பம் என்னும் வாதம் எழவில்லை. ஆகவே, திருத்தத்தை அனுப்பும் முன் உங்கள் திட்டத்தின் பழைய கேள்விகளைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நின்ற இடம் ஒரு கையொப்பம். ஒவ்வொரு கமிட்டிலும் (பதிந்த ஒவ்வொரு மாற்றத்திலும்) 'சைன்டு-ஆஃப்-பை' வரி இல்லையென்று தானியங்கிச் சோதனை சிவப்புக் குறி காட்டியது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலுக்காக 2004-இல் வந்த இந்த ஏற்பாடு, அனுப்பும் பங்களிப்பைத் தர எனக்கு உரிமை உண்டு என்னும் உறுதிமொழி. அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பங்களிப்பு வழிகாட்டியில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, கேட்டவுடன் பதில் சொல்லவும் ஒருவரும் இல்லை. பழைய கமிட்டுகளுக்கு அவற்றை மறுபடி அடுக்கும் 'கிட் ரீபேஸ்' கட்டளையுடன் 'சைன்ஆஃப்' ஆப்ஷனைச் சேர்த்தால் அந்த வரி எல்லாவற்றிலும் ஏறிவிடும். கையொப்பத்தில் உள்ள பெயரும் மின்னஞ்சலும் கமிட் ஆசிரியரின் விவரத்துடன் பொருந்தாவிட்டால் சோதனை மறுபடியும் தோற்கும். அந்த முகவரி பொது வரலாற்றில் நிலைத்துவிடும் என்பதால் அலுவலக முகவரியைத் தராதீர்கள்.

எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் மொழிபெயர்ப்பாளர்களிடமிருந்து வந்தது. அவர்கள் பக்கம் முழு நியாயம் இருந்தது. ஸ்ஃபிங்ஸ் ஆவணத்தை மொழிபெயர்ப்புக்காகப் பிரிக்கும்போது ஒரு பத்தி முழுவதையும் ஒரே உள்ளீடாகப் பிஓ எனப்படும் மொழிபெயர்ப்புக் கோப்பில் வைக்கிறது. அந்தப் பத்தியில் ஒரே ஒரு சொல்லை மாற்றினாலும், கோப்பைப் புதுப்பிக்கும்போது எல்லா மொழிகளிலும் அந்த உள்ளீட்டின் மேல் 'ஃபஸி' (மறுபடி சரிபார்க்க வேண்டும்) என்னும் குறி விழுகிறது. ஃபஸி விழுந்தவை இயல்பாகப் பில்டில் சேர்வதில்லை என்பதால், அதுவரை தங்கள் மொழியில் படித்துக்கொண்டிருந்தவர்களுக்கு அந்தப் பத்தி திடீரென்று ஆங்கிலத்தில் வந்து நிற்கும். ஆங்கிலம் சரளமாக வராதவருக்காகச் செய்யும் திருத்தம், ஆங்கிலமே படிக்காதவரிடமிருந்து கையேட்டைப் பறித்துவிடுகிறது. இதைப் பராமரிப்பாளர் ஒருவரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. ஒரு மொழிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் கோபத்துடன் எழுதிய பிறகே பேச்சு எழுந்தது. அவருடன் பேசி நாங்கள் கண்ட ஏற்பாடு இது: பொருள் மாறாத சொல் திருத்தங்கள் தனிக் கமிட்டில் வரும், வெளியீடு முடிந்த உடனே வரும், அதற்கு முன் வராது, பொருள் மாறவில்லை என்று மொழிக் குழு உறுதிசெய்த கோப்புகளில் 'எம்எஸ்ஜிஅட்ரிப்' கருவியின் 'கிளியர்-ஃபஸி' ஆப்ஷனால் குறியை மொத்தமாக நீக்கலாம். ஒரு முன்னெச்சரிக்கை அவசியம். கோப்பில் பழைய ஃபஸிகள் தேங்கியிருந்தால் அவையும் சேர்ந்து, சரிபார்க்காமலே சரியானவையாகக் கணக்காகிவிடும். எனவே முதலில் அவற்றைத் தீர்த்துவிடுங்கள்.

சொல்லை மாற்றும்போது பத்தியின் வரி உடைப்புகளை நேர்செய்ய வேண்டாம். ஒரு சொல் மாற்றம் பத்து வரி மாற்றமாகத் தெரிந்து, பார்ப்பவர் சலித்துவிடுவார். தலைப்பை எளிதாக்கினால் அதன் ஆங்கர் (அந்தப் பகுதிக்கான இணைப்பு முகவரி) மாறி, வெளியிலிருந்து வரும் இணைப்புகள் உரிய பகுதிக்குப் போகாது. எந்தச் சோதனையும் அதைச் சொல்லாது. இணையத் தரநிலை ஆவணங்களின் கட்டளைச் சொற்களுக்குப் பொருள் சொல்லும் 1997-இன் ஆர்எஃப்சி 2119 வரையறைப்படி எழுதிய பகுதிகளில் 'ஷுட்', 'மஸ்ட்' ஆகியவற்றைத் தொடவே கூடாது, ஒன்று பரிந்துரை, மற்றொன்று கட்டாயம். பிழைச் செய்திகளையும் பொத்தான் பெயர்களையும் எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும் அப்படியே விடுங்கள். திரையில் பார்த்ததை அப்படியே தேடுகிறவர் கையேட்டை வந்தடைய வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகு ரிவ்யூ (பொறுப்பாளர்களின் பரிசீலனை) வரவேயில்லை. அசைவில்லாத புல் ரிக்வெஸ்டுகளை மூடும் தானியங்கி நிரலான பாட் என்னுடையதையும் மூடியது. திறக்கச் சொல்லிக் கேட்டு, பத்திகளை அத்தியாயவாரியாகப் பிரித்து அனுப்பியபோது, முதலில் மறுத்த அதே பொறுப்பாளர் ஒவ்வொன்றையும் பொறுமையாகப் படித்து ஏற்றார். அவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க, தவிர்க்க வேண்டிய சொற்களின் பட்டியலை எழுத்து நடையைச் சோதிக்கும் வேல் கருவியின் விதியாகவும் எழுதிக் கொடுத்தேன். பழைய அத்தியாயங்கள் இன்னும் திருந்தவில்லை என்பதால் அது இப்போதைக்குப் பில்டை நிறுத்தாமல் எச்சரிக்கை மட்டும் தருகிறது. நெட்வொர்க் அமைப்பு அத்தியாயத்துக்கான திருத்தங்கள் தயாராக உள்ளன. அடுத்த வெளியீடு முடிந்த பின் அனுப்புவதாக மொழிக் குழுக்களிடம் சொல்லியிருக்கிறேன்.