செகண்டரில மூணு புது பசங்க

அமெரிக்கன் ஃபுட்பால்ல செகண்டரின்னா எதிரணி எறியற பால தடுக்குற பின்வரிசை. புது பசங்கள நம்பி அத ஒப்படைக்கக் கூடாது, ஒரு தப்பு பண்ணா எதிரணிக்கு நேரா டச்டவுன்தான் (கோல் மாதிரி)னு சொல்றவங்க 1981 சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் டீம ஒரு தடவ பாக்கணும். முந்தின சீசன்ல 6 ஜெயிப்பு, 10 தோல்வி. கோச் பில் வால்ஷ் பழைய ஆளுங்கள ஓரங்கட்டிட்டு அந்த வருஷ டிராஃப்ட்ல (டீம்கள் புது பசங்கள தேர்ந்தெடுக்கறது) எடுத்த ரானி லாட், எரிக் ரைட், கார்ல்டன் வில்லியம்சன் மூணு பேரையும் ஸ்டார்ட் பண்ண வச்சாரு, கூட ட்வைட் ஹிக்ஸ் மட்டும்தான் ஏற்கெனவே டீம்ல இருந்தவர். என்ன தைரியம் பாருங்க! லாட் 7 இன்டர்செப்ஷன் (எதிரணி எறிஞ்ச பால பறிக்கறது), அதுல மூணு டச்டவுன், டீம் 13 ஜெயிப்பு, 3 தோல்வி.

அந்த சீசன் ப்ளேஆஃப்ல டல்லஸ் கூட ஆடின மேட்ச்னா எல்லாரும் நம்ம டீம் ட்வைட் கிளார்க் எகிறிப் பிடிச்ச டச்டவுன் கேட்ச மட்டும்தான் பேசுவாங்க. அதுக்கப்புறம் 51 செகண்ட் பாக்கி இருந்துச்சுங்க. டல்லஸோட ட்ரூ பியர்சன் பால பிடிச்சுட்டு ஓடுறாரு, முன்னாடி ஆளே இல்ல, பின்னாடி இருந்து எரிக் ரைட் ஒத்தக் கையால ஜெர்ஸிய கொத்தா பிடிச்சு இழுத்துப் போட்டாரு பாருங்க, அந்தப் பிடி நழுவியிருந்தா 28-27 ஜெயிப்பும் இல்ல, சூப்பர் பவுலும் (லீக் ஃபைனல்) இல்ல. எனக்கு அந்த கேட்ச விட இதுதான் பெருசு.

2024ல பிலடெல்ஃபியா ஈகிள்ஸ் டீமும் செகண்டரில ரெண்டு புது பசங்கள வச்சு இதத்தான் பண்ணாங்க. குவின்யன் மிட்செல் முதல் மேட்ச்லருந்தே, கூப்பர் டிஜீன் சீசன் நடுவுல சீனியர் அவான்டே மேடக்ஸோட ஸ்லாட் (உள்பக்க ரிசீவர தடுக்குற) இடத்துல. சூப்பர் பவுல்ல எதிரணி கான்சஸ் சிட்டியோட மஹோம்ஸ் எறிஞ்ச பால பிடிச்சு 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டப்ப டிஜீனுக்கு அன்னிக்குத்தான் 22வது பொறந்தநாள்!