கூடாது வேறு, தேவையில்லை வேறு: நான் டென்ஸ் படித்த கதை

பாரிமுனையில், துறைமுகச் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துத் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டாக்குமெண்ட் வேலை பார்க்கிறேன், வீடு பழைய வண்ணாரப்பேட்டை. தமிழ் மீடியம், அப்புறம் பி.காம். பரீட்சைக்குப் பன்னிரண்டு டென்ஸையும் பெயரோடு மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் மெயில் எழுத உட்கார்ந்தால் அதில் ஒன்றுகூடக் கைக்கு வராது.

ஒரு பார்ட்டியிடம், ஒரிஜினல் பி.எல்.லை (பில் ஆஃப் லேடிங், கப்பல் கம்பெனி தரும் சரக்கு ரசீது) இன்றைக்கே அனுப்பத் தேவையில்லை என்று சொல்ல நினைத்து, "யூ மஸ்ட் நாட் சென்ட் தி ஒரிஜினல் நவ்" என்று எழுதிவிட்டேன். மஸ்ட் என்றால் வேண்டும், நாட் போட்டால் வேண்டாம் என்று கணக்கு. அவர்கள் அதை 'அனுப்பக் கூடாது' என்று படித்து, என்ன சிக்கலோ என்று பேப்பரைக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள். ஒரிஜினல் இல்லாமல், சரக்கை எடுக்க வேண்டிய டெலிவரி ஆர்டர் வாங்க முடியவில்லை, கன்டெய்னர் பெட்டி இரண்டு நாள் கூடுதலாக யார்டில் நின்றது, அதற்கான காசையும் கட்ட வேண்டியதாயிற்று. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஆபீஸில் சீனியர் அக்கா ஒருவர் திட்டவில்லை. "தம்பி, முதல்ல தமிழ்ல எழுது, வினைச்சொல்லோட வாலை மட்டும் பாரு" என்றார். அனுப்பக் கூடாது என்றால் மஸ்ட் நாட், அனுப்பத் தேவையில்லை என்றால் டோன்ட் ஹேவ் டு. தமிழில் இரண்டையும் நான் ஒரு நாளும் குழப்பிக்கொண்டதே இல்லையே! 'பெட்டி வந்திருக்கும்' என்று ஊகமாகச் சொன்னால் மஸ்ட் ஹேவ் கம், 'நேற்றே வந்திருக்கணும், இன்னும் காணோம்' என்றால் ஷுட் ஹேவ் கம். ஒரே 'லாம்' மழை வரலாம் என்னும்போது மைட், நீங்கள் உள்ளே வரலாம் என்னும்போது மே, வா டீ குடிக்கலாம் என்னும்போது லெட்ஸ். கேன், மஸ்ட், வில் இவற்றுக்குப் பின்னால் வினை மொட்டையாகத்தான் நிற்கும், 'ஹி கேன் கோஸ்' கிடையாது. எதிர்காலத்துக்கு இங்கிலீஷ் வினையில் தனி உருவமே இல்லை, வில்லும் இந்தக் கூட்டத்தில் ஒன்றுதான் என்று தெரிந்தபோது பாதிப் பயம் போய்விட்டது.

ஆனால் வாலை அப்படியே நம்பினால் கவிழ்த்துவிடும் இடமும் உண்டு. 'நேற்று அனுப்பியிருக்கேன்' என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம். அதையே 'ஐ ஹேவ் சென்ட் இட் எஸ்டர்டே' என்று எழுதினால் தப்பு, எஸ்டர்டே வந்துவிட்டால் வெறும் சென்ட்தான். அதற்கு நேர்மாறாக, 'பத்து வருஷமா இங்கதான் இருக்கேன்' என்பதில் தமிழுக்கு நிகழ்காலம் போதும், இங்கிலீஷுக்கு 'ஐ ஹேவ் பீன் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்' வேண்டும். எனக்கு இது பிடிபட்டது பீச் ஸ்டேஷன் போகும் லோக்கல் ரயிலில். தினமும் ராயபுரம் ஸ்டேஷனைத் தாண்டித்தான் போகிறேன். அது 1856-ல் திறந்தது, 'இட் ஓப்பன்ட் இன் 1856', அந்தச் சங்கதி அன்றோடு முடிந்தது. ஆனால் ஸ்டேஷன் இன்னும் அங்கேயே நிற்கிறதே, அதனால் 'இட் ஹேஸ் பீன் ஹியர் சின்ஸ் 1856'. ஒரே வருஷம்தான், இன் போட்டால் கதவு மூடிவிடுகிறது, சின்ஸ் போட்டால் இன்றுவரை திறந்திருக்கிறது. விம்கோ நகர் மெட்ரோ வந்த 2021-ஐயும் இப்படியே எழுதிப் பார்த்தேன்.

ஆறு மாசம், தினமும் ஐந்து வாக்கியம், ஒரு நாற்பது பக்க நோட்டு. இப்போது மெயிலை அக்காவிடம் காட்டாமலே அனுப்புகிறேன்.

கடைசியாகப் பிடிபட்டது வுட். கேட்கும்போது மரியாதைக்குப் போடுவது என்று மட்டும் நினைத்திருந்தேன். போன வாரம் நோட்டில் தாத்தாவைப் பற்றி ஒரு வரி எழுதினேன்: 'தாத்தா தினமும் காசிமேட்டுக்கு நடந்தே போவார்.' அவர் போய்ப் பல வருஷம் ஆகிறது, ஆனாலும் போவார் என்றுதான் கை எழுதியது. பழைய வழக்கத்தைச் சொல்ல நாம் எதிர்கால உருவத்தைப் போடுகிறோம், அவர்கள் வில்லின் பழைய உருவத்தைப் போடுகிறார்கள். அதற்குக் கீழேயே எழுதினேன்: 'மை கிராண்ட்ஃபாதர் வுட் வாக் டு காசிமேடு எவ்ரி டே.'