பதினான்கு வயதில் காலாவதியான சான்றிதழ்

என் மகனுக்காகப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுச் சலுகை கேட்டு அனுப்பிய விண்ணப்பம், 2024 செப்டம்பர் இறுதியில் பள்ளிக்கே திரும்பி வந்தது. இணைத்திருந்த மருத்துவச் சான்றிதழ் செல்லாது என்ற ஒற்றை வரிதான் காரணமாக எழுதப்பட்டிருந்தது. அவன் நான்காம் வகுப்பில் படித்தபோது, ஒன்பது வயதில், மூன்று மாதம் அலைந்து வாங்கிய சான்றிதழ் அது. அவனுக்கு இருக்கும் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் உள்ள கற்றல் குறைபாடு, வயது ஏறினால் போய்விடும் நோய் அல்ல என்று அன்று மருத்துவரே சொன்னதால், அந்தத் தாளும் என்றைக்கும் செல்லும் என்று நாங்கள் நம்பியிருந்தோம். டிஸ்லெக்சியா அடங்கும் 'குறிப்பிட்ட கற்றல் குறைபாட்டை' 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகை மாற்றுத்திறன்களுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. அதை மதிப்பிடும் நெறிமுறை 2018 ஜனவரியில் வந்தது. அதன்படி எட்டு வயது நிறைந்த பிறகே சான்றிதழ் தருவார்கள், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி மதிப்பிடுவார்கள், 18 வயதில் தருவதுதான் ஆயுள் முழுவதற்கும் செல்லும். அவன் 14 வயதைக் கடந்து ஓராண்டு ஆகியிருந்தது. இதைப் பள்ளியும் சொல்லவில்லை, முதலில் சான்றிதழ் தந்த இடத்திலும் சொல்லவில்லை. குழந்தை ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போதே சான்றிதழை எடுத்துத் தேதியைப் பாருங்கள் என்று இதே நிலையில் இருக்கும் பெற்றோரை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

மாவட்டத் தலைநகரின் அரசு மருத்துவமனைக்கு எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரப் பேருந்துப் பயணம். முதல் முறை சென்றபோது, கண் பரிசோதனை அறிக்கையும் செவித்திறன் அறிக்கையும் இல்லாமல் மதிப்பீட்டைத் தொடங்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பார்வையாலோ கேள்வித்திறனாலோ படிப்பு தடைப்படவில்லை என்று முதலில் உறுதிசெய்வது சரியான முறைதான். ஆனால் முந்தைய வாரம் தொலைபேசியில் கேட்டபோது ஆதார் அட்டையும் புகைப்படமும் போதும் என்று சொன்னவர் இதையும் சொல்லியிருக்கலாம். இரண்டாம் முறை உளவியலாளர் விடுப்பில் இருந்தார். அவர் வாரத்தில் எந்த நாள் வருவார் என்று கேட்டதற்கு, "வந்து பார்த்துக்குங்கம்மா" என்பதே பதிலாகக் கிடைத்தது. காலாண்டு விடுமுறையும் அந்த வாரத்தோடு முடிந்ததால், அடுத்த பயணத்துக்கு அவன் வகுப்பை விட்டுத்தான் வர வேண்டியிருந்தது.

மூன்றாம் முறை நுண்ணறிவுச் சோதனை முடிந்து, கற்றல் குறைபாட்டை அளக்க பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உருவாக்கிய சோதனைத் தொகுப்பைத் தொடங்கினார்கள். அவன் தமிழ் வழியில் படிப்பவன். பயிற்சி உளவியலாளர் ஒருவர் ஆங்கிலப் பத்தியைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார். ஆங்கிலத்தில் திணறியதை மட்டும் எழுதினால், தமிழ்வழிப் பிள்ளைக்கு இது இயல்புதானே என்று சான்றிதழ் தரும் மருத்துவ வாரியத்தில் ஒதுக்கிவிடுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. தமிழிலும் வாசிக்க வைப்பீர்களா என்று தயங்கித் தயங்கித்தான் கேட்டேன். மூத்த உளவியலாளர் உடனே ஒப்புக்கொண்டு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை வரவழைத்து வாசிக்க வைத்தார். 'கொடி' என்பதைக் 'கெடி' என்று எழுதினான். ஒலிக்கும்போது பின்னால் வரும் உயிரின் குறி எழுத்தில் மெய்யின் முன்னாலும் பின்னாலுமாகப் பிரிந்து நிற்பது அவனுக்கு இன்றும் குழப்பம்தான். அந்தக் கையெழுத்துத் தாளையும் அறிக்கையோடு சேர்த்துக்கொண்டார்கள். மதிப்பீட்டுக்குப் போகும் பெற்றோர் குழந்தையின் பழைய தமிழ்க் கட்டுரை ஏடும் கணக்கு ஏடும் தவறாமல் கொண்டுபோங்கள். திருத்தப்படாத பிழைகள்தாம் அங்கே சாட்சி.

சான்றிதழ் நவம்பரில் கிடைத்தது. அதன் பிறகு தலைமையாசிரியரின் பரிந்துரையும் முதன்மைக் கல்வி அலுவலகத்தின் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் ஆணையும் சிக்கலின்றி வந்தன. சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஆங்கிலப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய மூன்றும் ஆணையில் இருந்தன. மொழி விலக்கை எந்தப் பாடத்துக்குக் கேட்பது என்பதை அவனிடமே விட்டேன். தமிழை எழுதத்தான் வராது, சொல்ல வரும் என்று தமிழை வைத்துக்கொண்டான்.

இந்த ஆணையால் வாசிப்பு வந்துவிடாது என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவனுக்கு உண்மையில் கைகொடுத்தவர் கல்வித் துறையின் வட்டார வள மையத்திலிருந்து பள்ளிக்கு வாரம் ஒருமுறை வந்த சிறப்பாசிரியர். கொம்புக்கு ஒரு நிறம், மெய்யெழுத்துக்கு ஒரு நிறம், காலுக்கு ஒரு நிறம் என்று அட்டை வெட்டி, முதலில் மெய்யெழுத்தை வைத்து, பிறகு அதன் இருபுறமும் குறிகளைப் பொருத்த வைத்தார். ஏழாம் வகுப்பில் அவன் 52 இலிருந்து 27 ஐக் கழித்து 35 என்று எழுதிக்கொண்டிருந்தான். 2 இலிருந்து 7 போகாது என்பதால் 7 இலிருந்து 2 ஐக் கழித்துவிடுவான். கவனக்குறைவு என்று வகுப்பில் அதற்காக அடி வாங்கியிருக்கிறான். அந்த ஆசிரியர் ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்தால்தான் ஏழு குச்சி எடுக்க முடியும் என்று அவன் கையாலேயே செய்து பார்க்க வைத்தார். நான்கு ஆண்டுகளாகக் கடன் வாங்குதல் என்று மனப்பாடமாகச் சொல்லிவந்தது என்ன என்பது அன்றைக்கு அவனுக்குப் புரிந்தது. அவருக்கு ஒதுக்கியிருந்த பள்ளிகளோ பல. தொடர்ந்து மூன்று வாரம் அவர் வராத மாதங்களும் உண்டு. அந்த நாட்களில் அவர் விட்டுச்சென்ற அட்டைகளை வைத்து வீட்டில் நானே நடத்தினேன்.

சொல்லி எழுதவைப்பதும் பழக வேண்டிய திறன் என்பது எங்களுக்கு அரையாண்டுத் தேர்வில்தான் தெரிந்தது. அவன் நினைத்த வேகத்தில் சொன்னான், எழுதியவர் பாதியை விட்டுவிட்டார், கேட்டுத் திருத்தவும் அவனுக்குக் கூச்சம். ஜனவரி முதல் தினமும் மாலையில் என் தங்கை மகள் எழுத, அவன் ஒரு வரி சொல்லி, எழுதி முடித்ததைக் கேட்டு, அடுத்த வரிக்குப் போகப் பழகினான். கணக்கில் இது இன்னும் கடினம். 'அடைப்புக்குறி', 'முழுவதும் வகுத்தல்' என்று ஒவ்வொன்றையும் வாயால் சொல்லிப் பழகாதவர் சரியான விடை தெரிந்தும் மதிப்பெண் இழப்பார்.

கணக்குத் தேர்வன்று எட்டு மதிப்பெண் வடிவியல் வினாவைத் தானே வரைய விரும்புவதாக அறையில் கேட்டிருக்கிறான். அனுமதித்தார்கள். ஸ்கேலும் கவராயமும் பிடிக்கும் அவன் கை என்றுமே பிசகியதில்லை. தேர்வு முடிந்து வெளியே வந்ததும் விடைத்தாளில் தன் கையால் போட்ட அந்த ஒரு முக்கோணத்தைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டு வந்தான். 2025 மே 16 அன்று வந்த முடிவில் கணக்கில் 54.

சான்றிதழின் மூன்று நகல்களும் ஆணையின் நகலும் இப்போது ஒரே கோப்பில் இருக்கின்றன. கோப்பின் மேல் அட்டையில், அவனுக்கு 18 வயது நிறையும் 2027 செப்டம்பரைச் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.