ஏ.எல். ஐசிடி: வலையமைப்பை வீட்டு ரவுட்டரில் படிப்பது எப்படி

ஏ.எல். ஐசிடி (உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடம்) எடுக்கும் தம்பி தங்கச்சிமாரில் பலர் பைதனையும் எஸ்கியூஎல்லையும் விழுந்து விழுந்து படிப்பார்கள். வலையமைப்பு என்றதும் வரைவிலக்கணங்களைப் பாடமாக்கிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால், அந்த அலகுக்கு உங்கள் வீட்டு ரவுட்டரை விட நல்ல நோட்ஸ் கிடையாது.

ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பெரும்பாலும் 192.168.1.1 போன்ற ஒரு முகவரி இருக்கும். அதை பிரவுசரில் அடித்து, வீட்டில் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். எதையும் மாற்ற வேண்டாம், வாசித்தால் போதும். அங்கே இரண்டு முகவரிகள் தெரியும். வான் (WAN), அதாவது வெளி இணையத்தின் பக்கம் இருப்பது இணைய சேவை வழங்குநர் தந்தது. லான் (LAN), அதாவது வீட்டு வலையமைப்பின் பக்கம் இருப்பது வீட்டுக்குள் மட்டும் செல்லும் தனியார் முகவரி. 10, 172.16 முதல் 172.31 வரை, 192.168 எனத் தொடங்கும் தொகுதிகளைத் தனியாருக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். ஐபிவி4 முகவரிக்கு 32 பிட்தான், கிட்டத்தட்ட 430 கோடி முகவரிகள். அது உலகத்துக்குப் போதாது. அதனால்தான் வீட்டிலுள்ள அத்தனை போனும் ஒரே வெளிமுகவரியில் வெளியே போகின்றன. எந்தப் பதில் எந்தப் போனுக்கு என்பதை ரவுட்டர் போர்ட் எண்ணை (ஒவ்வொரு தொடர்பையும் பிரித்தறியும் எண்) வைத்து ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்கிறது. நாட் (NAT, முகவரி மாற்றம்) என்பது இதுதான்.

நிலாவெளியில் அத்தான் ஒரு சின்ன விடுதி நடத்துகிறார். சீசனில் பின்பக்க அறைகளுக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வாங்கி, கேபிளை அதன் லான் போர்ட்டில் செருகிவிட்டார். சிலருக்கு இணையம் வந்தது, சிலருக்கு வைஃபை கோடு முழுதாகக் காட்டியும் ஒன்றும் திறக்கவில்லை. வேலை செய்யாத போன்களின் முகவரியைப் பார்த்தால் 192.168.0 என்று தொடங்கியது, மற்றவற்றில் 192.168.1. இரண்டு ரவுட்டரும் போட்டிபோட்டு டிஎச்சிபி (கேட்கும் கருவிக்குத் தானாக முகவரி வழங்கும் சேவை) மூலம் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தன. புதியதிடம் முகவரி வாங்கிய போனுக்கு நுழைவாயிலும் (வெளியே போகும் வழி) புதியதுதான், அதன் வான் போர்ட்டோ காலி! புதியதில் டிஎச்சிபியை நிறுத்தி, அதன் முகவரியை 192.168.1.2 ஆக்கியதும் சரி. நுழைவாயில் என்றால் என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கொப்பியில் அது ஒரு வரியாகத்தான் இருந்தது.

பல்தேர்வில் மாட்டிவிடும் இடம் ஒன்றும் இருக்கிறது. பொதி (அனுப்பப்படும் தரவுத் துண்டு) ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் மேக் முகவரிகள், அதாவது வலையமைப்பு அட்டைகளின் வன்பொருள் முகவரிகள், மாறும். போய்ச்சேர வேண்டிய ஐபி முகவரி மாறாது. வீட்டு ரவுட்டரில் நாட் நடப்பதால், வெளியே போகும்போது அனுப்புநரின் ஐபி மாறும். விண்டோஸ் கணினியில் 169.254 என்று முகவரி தெரிந்தால், டிஎச்சிபி சேவையகம் பதிலளிக்கவில்லை என்று எழுதுங்கள். பெயரைக் கொடுத்தால் திறக்காமல் ஐபியைக் கொடுத்தால் பிங் போகிறதென்றால் டிஎன்எஸ்ஸை (பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை) சந்தேகியுங்கள்.

அப்புறம் உபவலையாக்கம், அதாவது ஒரு முகவரித் தொகுதியைச் சிறு வலைகளாகப் பிரிப்பது. இதற்கு ரவுட்டர் உதவாது, கடந்தகால வினாத்தாள்தான். 192.168.10.0/24 (முதல் 24 பிட் வலையமைப்புக்கு) என்ற தொகுதியை நான்கு பிரிவுகளுக்குப் பிரிக்கச் சொன்னால் இரண்டு பிட் கடன் வாங்குகிறோம், உபவலை மறைமுகம் (சப்நெட் மாஸ்க்) 255.255.255.192, ஒவ்வொன்றிலும் 64 முகவரி, வலையமைப்புக்கும் ஒலிபரப்புக்கும் (எல்லோருக்கும் ஒரேயடியாக அனுப்புவது) ஒவ்வொன்று போகப் பாவிக்கக்கூடியது 62. இரண்டாவது உபவலை 64இல் தொடங்கும், கணினிகளுக்கு 65 முதல் 126, ஒலிபரப்புக்கு 127. அட்டவணையை நிரப்பியதும் வலையமைப்பு முகவரிகளின் கடைசி எண் எல்லாம் 64இன் மடங்கா என்று ஒருதரம் ஓடிப் பாருங்கள். இல்லையென்றால் எங்கோ கூட்டலில் பிசகியிருக்கிறது, அந்த நிரையிலிருந்து திரும்பப் போடுங்கள்.